அமெச்சூர் பாலியல் காணொளிகளில் ‘உண்மைத்தன்மை’யின் ஈர்ப்பு

அமெச்சூர் பாலியல் காணொளி என்பது, தொழில்முறை நடிகர்களோ படப்பிடிப்புக் குழுவோ இல்லாமல், சாதாரண மனிதர்கள் தாங்களே எடுத்ததாகத் தோற்றமளிக்கும் பாலியல் காட்சிப் பதிவைக் குறிக்கும். ‘தோற்றமளிக்கும்’ என்ற சொல் இங்கு முக்கியமானது. இவ்வகைக் காணொளிகளைப் பார்ப்போர் பலரும் அவற்றை விரும்புவதற்குச் சொல்லும் காரணம், அவற்றில் நடிப்பு இல்லை, நடப்பது உண்மை என்பதாகும். அந்த உண்மை பெரும்பாலும் பார்வையாளரின் நம்பிக்கையாகவே இருக்கிறது. காணொளி எங்கே, யாரால், யாருடைய ஒப்புதலோடு எடுக்கப்பட்டது என்பதைத் திரையைப் பார்த்து அறிய வழியில்லை.

இந்தியாவில் இவ்வகையின் வரலாறு மேலை நாடுகளிலிருந்து வேறுபட்டது. அங்கே தாமே விரும்பிப் பதிவுசெய்து வெளியிட்டோரும் இந்த வகையை உருவாக்கினர். இங்கே இது பெரிதும் திருட்டுப் பதிவுகளாலும், நம்பி எடுத்த பதிவுகள் கசிந்ததாலும் உருவானது. இதனால் ‘உண்மையானது’ என்ற அடையாளமும் ‘ஒப்புதல் இல்லாதது’ என்ற குற்றமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இக்கட்டுரை அந்த ஈர்ப்பின் தன்மை, அதன் பின்னணி, தமிழ்நாட்டில் அது உண்டாக்கிய விளைவுகள், சட்ட நிலை ஆகியவற்றை விளக்குகிறது.

சொல் வழக்கு

தமிழில் பாலியல் படங்களைக் குறிக்கப் பல சொற்கள் வழங்கியுள்ளன. ‘நீலப்படம்’ என்பது ஆங்கில வழக்கின் மொழிபெயர்ப்பு. ‘பிட்டுப் படம்’ என்பது திரையரங்கு வழக்கு. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஒரு படத்தின் நடுவே, தொடர்பில்லாத சில நிமிடக் காட்சித் துண்டுகளைச் சட்டத்துக்குப் புறம்பாக ஒட்டித் திரையிடுவதால் இப்பெயர் வந்தது.

2004க்குப் பிறகு ‘எம்எம்எஸ்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. இது உண்மையில் கைப்பேசிவழிப் படமும் ஒலியும் அனுப்பும் ஒரு சேவையின் பெயர். ஆனால் இந்திய மொழிகளில் அது ‘கசிந்த அந்தரங்கப் பதிவு’ என்ற பொருளைப் பெற்றுவிட்டது. அச்சேவை வழக்கொழிந்த பிறகும் சொல் நிலைத்தது. ஒரு வகைக் காணொளிக்கு, அது கசிந்த வழியே பெயராக அமைந்தது கவனிக்கத்தக்கது.

வரலாற்றுப் பின்னணி

1970களின் இறுதியிலிருந்து மலையாளத்தில் வெளிவந்த ‘ஏ’ சான்றிதழ்ப் படங்கள் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் காலைக்காட்சிகளாக ஓடின. ஐ. வி. சசி இயக்கிய ‘அவளுடெ ராவுகள்’ (1978) இவற்றுள் அறியப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி ஷகீலா நடித்த படங்கள் இதே வழியில் பெருவெற்றி பெற்றன. இவையெல்லாம் திரைப்படங்களே. ஒப்பனை, விளக்கு, பின்னணி இசை, கதை எல்லாம் இருந்தன. பார்ப்பவர் தாம் பார்ப்பது நடிப்பு என்பதை அறிந்தே பார்த்தார்.

1980களில் விசிஆர் கருவியும், பின்னர் குறுந்தகடும் வந்தபோது பார்க்கும் இடம் திரையரங்கிலிருந்து வீட்டுக்கு மாறியது. மேலை நாடுகளில் இதே காலத்தில் கையடக்க வீடியோ கேமராக்கள் பரவி, வீட்டிலேயே எடுத்த பதிவுகள் விற்பனைக்கு வந்தன. 1996இல் அமெரிக்கக் கல்லூரி மாணவி ஜெனிபர் ரிங்லி தம் அறையில் ஒரு வெப்கேமராவைப் பொருத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு படத்தை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். ‘ஜென்னிகேம்’ எனப்பட்ட இத்தளம் 2003 வரை நடந்தது. பெரும்பாலான நேரம் அதில் தெரிந்தது அவர் படிப்பது, தூங்குவது, அல்லது காலியான அறை. ஆயினும் திரளானோர் பார்த்தனர். ‘எதுவும் ஒத்திகை பார்க்கப்படவில்லை’ என்ற உணர்வுக்கே தனி ஈர்ப்பு உண்டு என்பதை இது முதலில் பெரிய அளவில் காட்டியது. ரிங்லி தம்மைத் தாமே காட்டினார். நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருந்தது.

இந்தியாவில் திருப்பம் 2004இல் நிகழ்ந்தது. தில்லியைச் சேர்ந்த பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்கப் பதிவு கைப்பேசிகள் வழியே பரவியது. அது பாஸி.காம் என்ற ஏல இணையத்தளத்தில் 125 ரூபாய்க்கு விற்பனைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அத்தளத்தின் தலைமைச் செயல் அலுவலர் அவ்னீஷ் பஜாஜ் கைது செய்யப்பட்டார். பதிவில் இருந்தவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதும், அது குழந்தைகள் மீதான குற்றம் என்பதும் அன்றைய பேச்சில் பின்னுக்குப் போயின. செய்திகளில் முன்னே நின்றது ‘எம்எம்எஸ்’ என்ற சொல்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையத் தரவின் விலை சரிந்தபின், காணொளி பார்ப்பது மின்தொடர்வண்டிப் பயணத்தில்கூட நடக்கும் செயலாயிற்று. பகிர்வது அதைவிட எளிதாயிற்று.

ஈர்ப்புக்கான காரணங்கள்

உண்மைத்தன்மையின் ஈர்ப்பு பாலியல் காணொளிகளுக்கு மட்டும் உரியதன்று. 1977இல் பாரதிராஜா ‘16 வயதினிலே’ படத்துக்காகக் கேமராவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்குக் கொண்டு சென்றபோது, ரசிகர்கள் கண்டது ‘நிஜமான ஊர்’ என்ற உணர்வை. இன்று யூடியூபில் வீட்டுச் சமையலைக் காட்டும் காணொளிகள், பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைவிட நெருக்கமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஆய்வாளர்கள் இதை விளக்கச் சில கருத்தாக்கங்களைத் தந்துள்ளனர்.

முதலாவது, மேடையும் பின்மேடையும். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களில், மனிதர் பிறர்முன் நடந்துகொள்வதை மேடை நடிப்போடு ஒப்பிட்டார். பிறர் பார்க்காத இடம் பின்மேடை. பின்மேடையை எட்டிப் பார்ப்பதே உண்மையைப் பார்ப்பது என்று மனம் எண்ணுகிறது. டீன் மெக்கானல் 1973இல் சுற்றுலாவைப் பற்றி எழுதும்போது இதை ஒரு படி மேலே கொண்டு சென்றார். பயணிகள் பின்மேடையைத் தேடுவதால், பின்மேடை போன்ற ஒன்றே அவர்களுக்காக அமைத்துத் தரப்படுகிறது என்றார். இதை ‘அரங்கேற்றப்பட்ட உண்மைத்தன்மை’ எனலாம்.

இரண்டாவது, ஒருவழி நெருக்கம். டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இல், தொலைக்காட்சியில் தோன்றுபவரைத் தமக்கு நெருங்கியவராகப் பார்வையாளர் உணர்வதை விவரித்தனர். நட்சத்திரத்திடமே இந்த உணர்வு வருமென்றால், அடுத்த தெருவில் இருப்பவர் போன்ற ஒருவரிடம் அது இன்னும் எளிதில் வரும்.

மூன்றாவது, குறைகளே சான்றாவது. ஆடும் கேமரா, மங்கிய வெளிச்சம், சரியாகக் கேட்காத ஒலி, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி, இரும்பு பீரோ, சுற்றும் மின்விசிறி ஆகியவை தொழில்முறைப் படத்தில் குறைகள். அமெச்சூர் காணொளியில் இவையே ‘இது நிஜம்’ என்பதற்கான அத்தாட்சிகள். தமிழ்ப் பேச்சு கேட்டால் நம்பிக்கை இன்னும் கூடுகிறது. வட்டார வழக்கு கேட்டால் மேலும் கூடுகிறது.

நான்காவது, ஒப்பீட்டின் சுமை குறைவது. தொழில்முறைப் படங்களில் வரும் உடல்களோடு தம்மை ஒப்பிட்டுச் சோர்வடையும் பார்வையாளருக்குச் சாதாரண உடல்கள் ஆறுதலாகத் தோன்றலாம். அமெச்சூர் வகைக்கு ஆதரவாகப் பேசுவோர் முன்வைக்கும் வலுவான காரணம் இதுதான். ஒப்புதலோடு வெளியிடப்பட்டவற்றுக்கு இது பொருந்தவும் கூடும்.

ஐந்தாவது காரணம் பலரும் வெளிப்படையாகச் சொல்லாதது: பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம் என்ற உணர்வு. ‘அவர்களுக்குத் தெரியாது’ என்பதே சிலருக்கு உண்மைத்தன்மையின் உச்சம். கேமரா இருப்பது தெரிந்தால் யாரும் கொஞ்சமாவது நடிப்பார்கள். தெரியாவிட்டால் நடிக்க மாட்டார்கள் என்பது இதன் தர்க்கம். இத்தர்க்கத்தின்படி, முழு உண்மை என்பது மறைகேமராவில் மட்டுமே கிடைக்கும். ஈர்ப்பு குற்றத்தோடு சேரும் புள்ளி இது.

‘அமெச்சூர்’ என்ற வணிகப் பெயர்

உண்மைத்தன்மைக்குச் சந்தை இருப்பது தெரிந்ததும் அதைத் தயாரிக்கும் தொழிலும் வந்தது. இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சான் டியேகோவில் இயங்கிய ‘கேர்ள்ஸ் டூ போர்ன்’ நிறுவனம். இதற்கு முன் எந்தப் படத்திலும் தோன்றாத, இனியும் தோன்றப்போகாத இளம்பெண்கள் என்பதே அதன் விற்பனைச் சொல். விளம்பர மாடல் வேலை என்று அழைக்கப்பட்ட பெண்களிடம், பதிவு இணையத்தில் வராது, தொலைநாடுகளில் குறுந்தகடாக மட்டுமே விற்கப்படும் என்று பொய் சொல்லப்பட்டது. காணொளிகள் இணையத்தில் வெளியாகி, அவர்களுடைய பெயரும் குடும்பமும் அம்பலமாயின. 2020 ஜனவரியில் கலிபோர்னிய நீதிமன்றம் 22 பெண்களுக்குச் சுமார் 1.27 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நிறுவனத்தை நடத்திய மைக்கேல் பிராட் 2022இல் ஸ்பெயினில் பிடிபட்டு, 2025 செப்டம்பரில் 27 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அக்காணொளிகளில் பெண்களிடம் காணப்பட்ட தயக்கமும் பதற்றமும் பார்வையாளருக்கு ‘இயல்பு’ என்று தோன்றின. அந்தப் பதற்றம் உண்மைதான். ஆனால் அது ஏமாற்றப்பட்டவரின் பதற்றம். திரையில் தெரிவது உண்மையாக இருக்கலாம். அதற்குப் பார்வையாளர் கொள்ளும் பொருள் பொய்யாக இருக்கலாம் என்பதற்கு இவ்வழக்கு சான்று.

2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்றைத் தொடர்ந்து, பெரிய அட்டைப் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் போர்ன்ஹப் தளத்துடனான தொடர்பை நிறுத்தின. பதிவேற்றியவர் யார் என்று சரிபார்க்கப்படாத காணொளிகளை அத்தளம் அகற்றியது. சுமார் 1 கோடி காணொளிகள் மறைந்தன. தளத்தில் இருந்தவற்றுள் பெரும்பகுதிக்கு உரியவர் யாரென்றே உறுதியில்லை என்பது இதனால் தெரியவந்தது.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

தமிழ்நாட்டில் இணையத்துக்காகப் பாலியல் பதிவுகள் எடுக்கப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட தொடக்ககால வழக்கு 2001 டிசம்பரில் சென்னையில் பதிவானது. எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கைதானார். 2008 பிப்ரவரியில் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில், பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் மறைகேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. முடி உலர்த்தியைச் செருக முயன்றபோது மின்சாரத் துளையில் ஏதோ தடுப்பதைக் கண்டு ஒரு பெண் ஆராய்ந்ததில் உண்மை வெளிவந்தது. விடுதியை நடத்தியவர் கைது செய்யப்பட்டார்.

2019 பிப்ரவரியில் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில், ஒரு கும்பல் பெண்களை நம்பவைத்து வரவழைத்து, வன்முறைக்குள்ளாக்கிப் பதிவுசெய்து, அப்பதிவுகளைக் காட்டி மிரட்டி வந்தது அம்பலமானது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. புகார் தந்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகளாலேயே வெளியிடப்பட்டது அன்று பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அப்பதிவுகளைப் போன்ற ஒன்று, பின்னணி தெரியாமல் ஒரு தளத்தில் கிடந்தால், ‘உள்ளூர் அமெச்சூர்’ என்ற தலைப்பில்தான் கிடக்கும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். கல்லூரிக் காலத்தில் முன்னாள் நண்பர் தமக்குத் தெரியாமல் எடுத்த பதிவுகள் பல இணையத்தளங்களில் பரவியிருந்தன. அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். நீக்கிய பதிவுகள் வேறு தளங்களில் மீண்டும் தோன்றின. இத்தகைய சூழலில் பாதிக்கப்பட்டோர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எளிய வழிமுறை ஒன்றை வகுக்குமாறு நீதிமன்றம் அமைச்சகத்தைக் கேட்டது. சட்டம் படித்தவருக்கே இவ்வளவு அலைச்சல் என்றால் மற்றவர் நிலை என்ன என்ற கேள்வியை இவ்வழக்கு எழுப்பியது.

புறநகர்ச் சூழல்: ஊரப்பாக்கம்

சென்னையின் தென்புறநகர், இச்சிக்கல் அன்றாட வாழ்வோடு எப்படித் தொடர்புடையது என்பதைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். ஜிஎஸ்டி சாலையில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊரப்பாக்கம் உள்ளது. கடற்கரை – செங்கல்பட்டு மின்தொடர்வண்டித் தடத்தில் இதற்கு நிலையம் உண்டு. பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் இப்பகுதியின் நடமாட்டம் மேலும் கூடியது. சுற்றிலும் கல்லூரிகளும், மறைமலைநகர் தொழிற்பகுதியும், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் இருப்பதால், வெளியூரிலிருந்து வந்து தங்கும் இளைஞர்கள் மிகுதி.

இவ்வாறு தங்குவோர் தமக்குச் சொந்தமில்லாத அறைகளில், தாம் பொருத்தாத மின்சாரத் துளைகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவே வாழ்கின்றனர். அறைத்தோழர், வீட்டு உரிமையாளர், விடுதி நடத்துபவர், பழகிய நண்பர் எனப் பலரை நம்பியே இருக்க வேண்டியுள்ளது. பார்வையாளருக்கு ‘நிஜம்’ என்று தோன்றும் எளிய அறையும் பழைய பீரோவும் இவர்களுடையவை. ‘நம்ம ஊர்’ என்ற ஈர்ப்பின் மறுபக்கம், அதில் இருப்பவரை அடையாளம் காணக்கூடியவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள் என்பது. தொலைநாட்டு நடிகைக்கு இல்லாத ஆபத்து, பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு உண்டு.

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி விடுதிகள் பதிவு செய்யப்பட்டு உரிமம் பெற்றிருக்க வேண்டும். அறை எடுக்கும்போது உரிமத்தைக் கேட்பது தங்குபவரின் உரிமை.

சட்ட நிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 2008இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. முக்கியப் பிரிவுகள் பின்வருமாறு:

பிரிவு 66இ: ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படமெடுத்தல், வெளியிடுதல், அனுப்புதல். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 67ஏ: வெளிப்படையான பாலியல் செயல் அடங்கியவற்றை மின்னணு வடிவில் வெளியிடுதல், அனுப்புதல். முதல்முறை 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும்.

பிரிவு 67பி: குழந்தைகள் தொடர்பான பாலியல் பதிவுகள். இவற்றைப் பரப்புதல் மட்டுமின்றித் தேடுதல், பார்த்தல், பதிவிறக்குதல் ஆகியவையும் குற்றம்.

பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 77: பெண்ணின் தனிப்பட்ட செயலை மறைந்து பார்த்தல், படமெடுத்தல், பரப்புதல். படமெடுக்க ஒப்புக்கொண்டவர், அதைப் பிறருக்குப் பரப்ப ஒப்புக்கொள்ளாதபோது பரப்பினாலும் குற்றமே என்று இப்பிரிவு விளக்குகிறது. முதல்முறை 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

குழந்தைகள் தொடர்பான பதிவுகளைப் பதிவிறக்கி வைத்திருந்தது குற்றமன்று என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ‘குழந்தை ஆபாசப்படம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் தவிர்த்து, அது குழந்தை மீதான சுரண்டல், வன்முறை என்பதைக் காட்டும் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறியது.

அமெரிக்காவில் 1988இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, பாலியல் படங்களில் தோன்றுவோரின் வயதுச் சான்றைத் தயாரிப்பாளர் பாதுகாக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய படங்களை வெளியிடுவதே குற்றம் என்பதால், ஒப்பந்தமோ வயதுச் சான்றோ ஒப்புதல் பதிவோ உருவாவதற்கு இடமில்லை. எனவே இந்திய அமெச்சூர் காணொளி என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பதில் எது விரும்பி வெளியிடப்பட்டது, எது திருடப்பட்டது என்று சரிபார்க்கப் பார்வையாளருக்கு எந்த வழியும் இல்லை.

பாதிக்கப்பட்டால் செய்யக்கூடியவை

பதிவு பரவுவது தெரிந்தவுடன் அது உள்ள பக்கத்தின் முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துத் திரைப்படம் எடுத்து வைக்க வேண்டும். மிரட்டல் செய்திகளை அழிக்கக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையத்தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் குறிப்பிடாமலும் புகார் தரலாம். உதவி எண் 1930. பெண்கள் உதவி எண் 181. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் தனியாக இயங்குவதால், இப்பகுதியினர் சென்னைக்குச் செல்லாமல் அங்கேயே சைபர் குற்றப் பிரிவை அணுகலாம்.

இணையத்தளத்தின் குறைதீர் அலுவலரிடம் நேரடியாகவும் முறையிடலாம். 2021இல் வந்த இணைய இடைநிலையாளர் விதிகள், இவ்வகைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிவை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வரையறுத்தன. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற பன்னாட்டுச் சேவை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரின் கருவியிலேயே படத்துக்கு ஓர் எண்சார் கைரேகை உருவாக்கப்பட்டு, அது மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குச் செல்கிறது. அதே படம் ஏற்றப்படும்போது தளங்கள் அடையாளம் கண்டு தடுக்க முடிகிறது.

மாறிவரும் நிலை

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் காணொளியில் பொருத்திய போலிப் பதிவு பரவியது. செயற்கை நுண்ணறிவால் இப்போது ஆடும் கேமராவையும், மங்கிய வெளிச்சத்தையும், சுவர் நாட்காட்டியையும் உருவாக்க முடிகிறது. உண்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்ட குறைகளெல்லாம் விரும்பியபடி சேர்க்கக்கூடியவை ஆகிவிட்டன.

தென் கொரியாவில் மறைகேமராப் பதிவுகளுக்கு எதிராக 2018இல் பல்லாயிரம் பெண்கள் சியோல் தெருக்களில் திரண்டனர். தங்கள் வாழ்க்கை யாருடைய ஆபாசப்படமும் அல்ல என்பது அவர்களின் முழக்கம். காணொளி உண்மையா, போலியா என்று பார்வையாளர் கேட்கிறார். அதில் இருப்பவர் இதற்கு ஒப்புக்கொண்டாரா என்பது அப்பெண்கள் எழுப்பிய கேள்வி. முதல் கேள்விக்குத் திரையில் விடை இருப்பதாகத் தோன்றும். இரண்டாவதற்கு ஒருபோதும் இருக்காது.